எண்ணாமல் எழுதிய எட்டு

எங்கள் வீட்டில் முதல் கரடி தயாரான அன்று தாயத்துக்கு முடி கேட்டு மூன்று பேர் வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குள் கரடியை ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு முடி வாங்கி, தூக்கத்தில் பயந்து அலறும் குழந்தைக்குத் தாயத்தில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். தெருவிலேயே கரடி இருக்கும்போது எதற்காக அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

“அய்யோ, இது ஆட்டு முடின்னு தைக்கக் குடுத்த சார் சொன்னாரு பெரிம்மா” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

“ஆட்டு முடியா இருந்தா இன்னா? இப்ப கரடி மேலதானே கீது?” என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. வெட்டி விழுந்த துணித் துண்டிலிருந்து ஒரு சிட்டிகை ரோமத்தைக் கிள்ளிக்கொண்டுதான் பெரியம்மா போனாள். அவள் பேரன் அதன்பிறகு தூக்கத்தில் அலறவில்லை என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், பஸ் நிற்கும் புளியமரத்திலிருந்து அரை மைல் உள்ளே எங்கள் ஊர். நைனா உத்திரமேரூர் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை செய்தார். அம்மாவும் அதே மில்லில் அரிசி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தவள்தான். கரடி வேலை எங்கள் வீட்டுக்கு வந்ததே அந்த மூட்டைத் தையலால்தான். மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் வீட்டில் வைத்துக் கரடி பொம்மை தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த ஒருவர், மில் வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டு, “இது யார் கை?” என்று கேட்டாராம். மூட்டையின் வாயை இழுத்துப் பார்த்தாராம். பிரியவில்லையாம். அவரைத்தான் நாங்கள் சார் என்போம்.

சார் மாதிரிக்கு ஒரு பழைய கரடியைக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் அதுவரை கண்ட பொம்மைகள் மண்ணிலும் மரத்திலும் செய்தவை. அவற்றைப் பார்க்கலாம், கட்டிப்பிடிக்க முடியாது. இதுவோ முதுகில் சின்னத் திமிலும், முழங்காலைத் தொடும் நீளக் கைகளும், கூரான மூக்குமாக, பலபேர் மடியில் உட்கார்ந்து பழகியதுபோல் இருந்தது. அந்தக் காலத்துக் கரடி இப்படித்தான் இருக்குமாம். வெளிநாட்டில் இப்போது மறுபடியும் அதைத்தான் கேட்கிறார்களாம். கை, கால், தலை எல்லாம் திரும்பும். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இரண்டு மர வட்டுகளும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புப் பின்னும் இருக்கும். வயிற்றுக்குள் பஞ்சு கிடையாது. கண்ணாடிச் சாமான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் போடுவார்களே, மரத்தை மெல்லிசாகச் சீவிய சுருள், அதைக் குச்சியால் இடித்து இடித்து இறுக்கமாக நிரப்ப வேண்டும். தட்டினால் பூசணிக்காயைத் தட்டுவதுபோல் சத்தம் வரவேண்டும் என்பார் சார்.

வெட்டிய துணியை உள்பக்கமாகத் தைத்துத் திருப்புவதும், சுருளை இடித்து நிரப்பியபின் முதுகை மூடித் தைப்பதும் அம்மாவின் வேலை. பழுப்பு நூல். முகம் முழுக்க அத்தையின் பொறுப்பு. கறுப்பு நூலால் மூக்கும் வாயும் தைத்து, கண்ணாடிக் கண்களைக் கோத்து, நூலைப் பின்மண்டை வழியாக இழுத்து முடிவாள். அத்தை என்றால் நைனாவின் தங்கை. மானாம்பதியில் வாழ்க்கைப்பட்டுப் போய், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டவள். ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை வீட்டில் இருப்பதே தெரியாது. சோறு போதுமா என்று அம்மா கேட்கும் முன்பே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஆனால் அவள் கையில் முளைத்த முகங்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் இப்போதுதான் ஏதோ கேட்க வாயெடுத்ததுபோல் இருக்கும். “உங்க வூட்டுக் கரடிங்க எல்லாம் ஏன்மா என்ன வேணும்னு கேக்கறாப்பலயே பாக்குது?” என்று சாரே ஒருமுறை சிரித்தார்.

நான் இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் அத்தையும் கைநாட்டு. ஆகவே ஊசி நோட்டு என்னிடம் இருந்தது.

கம்பெனி எங்களுக்குக் கொடுத்தது விரல் நீளத்தில் எட்டு ஊசிகள். தினமும் வேலை முடிந்ததும் அவற்றிலிருந்து நூலை உருவிவிட்டு, எண்ணி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் எழுதவேண்டும். கரடிகளை எடுக்க வரும்போது சார் நோட்டையும் டப்பாவையும் வாங்கிச் சரிபார்ப்பார். ஏதோ ஓர் ஊரில் கரடியின் வயிற்றுக்குள் ஊசி தங்கிவிட்டதாம். கப்பலேற்றுவதற்கு முன் யாரோ கண்டுபிடித்தார்களாம். அந்த ஊருக்கு அதோடு வேலை நின்றுபோயிற்று.

சார் இதைச் சொன்னபோது வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். அம்மாவுக்கு வேறு பயம். “கொழந்த கட்டிப்புடிச்சுக்கினு தூங்கறதாச்சேடி இது. கண்ணுல கிண்ணுல ஏறிட்சின்னா?” என்று அன்று முழுக்கப் புலம்பினாள். எந்த தேசமோ, எந்த நிறமோ, யார் பெற்றதோ தெரியாத ஒரு குழந்தையின் கண்ணுக்காக.

நோட்டில் நான் தினமும் எட்டு என்று எழுதினேன். வெறும் எண்ணாக எழுதமாட்டேன். கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியைக் கொஞ்சம் சுழித்துவிடுவேன். எங்கள் தலைமை ஆசிரியர் கையெழுத்தின் கீழ் அப்படி ஒரு சுழி இருக்கும்.

அந்த முறை இருபத்துநான்கு கரடிகள். காலை ஒன்பது மணிக்கு காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் சார் வருவார். மூட்டையைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு அதே பஸ்ஸில் மெட்ராஸ் பக்கம் போய்விடுவார். முந்தின நாள் சாயங்காலம் கடைசி மூன்று கரடிகள் பாக்கி. வழக்கமாக வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவோம். அன்று முடியவில்லை. விளக்கு வைக்கிற நேரம் தாண்டிப் போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். விளக்கு வைத்தபிறகு எங்கள் வீட்டில் ஊசி என்ற பேச்சே கூடாது. யாருக்கும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் வீட்டுக்கு ஆகாது. அதனால் அம்மா விளக்கேற்றாமல், மங்கல் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு, கடைசிக் கரடியின் முதுகை மூடினாள். மூடியதும் அவசரமாக எல்லாவற்றையும் வாரி டப்பாவில் போட்டாள். “இன்னும் வெளக்கு வெக்கலியா? வூடு இருண்டு கெடக்குதே!” என்று நைனா வாசலில் செருப்பை உதறினார். அம்மா ஓடிப்போய் விளக்கேற்றினாள்.

நான் டப்பாவோடு நின்றேன். விளக்கு எரிகிறது. இனிமேல் அதை எப்படி எண்ணுவது?

“அது எல்லாம் சரியா கீதா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து, பெயரைச் சொல்லாமல் கேட்டாள்.

“கீதும்மா” என்றேன்.

நோட்டைத் திறந்து தேதி போட்டு, எட்டு என்று எழுதி, கோடிழுத்துச் சுழித்தேன். நேற்று எட்டு. முந்தாநாள் எட்டு. இன்றைக்கு மட்டும் வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது?

காலையில் ஏழுதான் இருந்தது.

அம்மா டப்பாவைத் தரையில் கவிழ்த்து மூன்று முறை எண்ணினாள். கரடிகள் ஏற்கெனவே இரண்டு சாக்குகளில் வாய் தைத்துத் தயாராக நின்றன.

“ஏண்டி, ராத்திரி இன்னா எழுதின?”

“எட்டு.”

“நல்லாப் பாத்துப் படி.”

நான் நோட்டை விரித்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? “எட்டும்மா.”

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டில் இருந்த எட்டு அவ்வளவு அழகாக இருந்தது.

“அப்ப ராத்திரி எட்டு இருந்துக்கீது. காலையில ஏழு. நடுவுல கால் மொளச்சி நடந்துட்ச்சா?” என்று அம்மா எழுந்தாள். நோட்டு சொன்னதை அவள் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. ராத்திரி எண்ணும்போது எட்டும் இருந்தன என்றால் கரடிக்குள் போக வழியில்லை. வீட்டில்தான் யாரோ எடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பார்வை கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் மேல் போயிற்று. அத்தையின் ஜாக்கெட் கையில் புதிதாக ஒரு தையல்.

“அது எப்ப தச்ச?”

“நேத்து பகல்லயே தச்சேன் அண்ணி. தச்சுட்டு டப்பாவுலயே போட்டுட்டேன்.”

“புக்கு சொல்லுதே, ராத்திரி எட்டு இருந்துச்சின்னு.”

“நான் எதுக்கு அண்ணி அத எடுக்கப் போறேன்? அத வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

பல் விளக்கிக்கொண்டிருந்த நைனா உள்ளே வந்தார். “காலங்காத்தால ஒரு ஊசிக்கா இந்தப் பேஜாரு? எட்டு வேணும், அவ்ளோதானே? பஜார்ல அதே மாதிரி ஒண்ணு வாங்கியாறேன், டப்பாவுல போடு. சாரு இன்னா ஊசி மேல பேரா எழுதி வெச்சிக்கீறாரு?”

அவர் சைக்கிளில் உத்திரமேரூர் போய், கடைக்காரரை எழுப்பி, விரல் நீள ஊசி ஒன்றை வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் திரும்பிவிட்டார். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் இரண்டு சாக்குகளையும் கேரியரில் கட்டினார். டப்பாவில் எட்டு, நோட்டில் எட்டு. எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு அப்படியொரு நிம்மதி. நான் எண்ணாதது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அம்மா மட்டும், “எடுத்தவங்களே வெச்சிக்கட்டும். ஒரு ஊசியில மாடி வூடா கட்டப் போறாங்க?” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் பள்ளிக்குப் பையை எடுக்க உள்ளே போனபோது அத்தை தன் தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடியில் கிடந்த அவளுடைய இரண்டு புடவைகளும் மடித்து உள்ளே இருந்தன.

“எங்க அத்தை போற?”

“கூரத்துல சின்னம்மா வூடு கீது. அங்க நடவுக்கு ஆளு பத்தலியாம்.” கொஞ்ச நேரம் பெட்டியின் தாழ்ப்பாளைச் சரிபண்ணினாள். “பட்டினி கெடந்தவன்னு சொல்லட்டும், தாங்கிக்கலாம். திருடினவன்னு பேரு எடுத்துக்கினு அண்ணன் வூட்டுல எப்பிடிம்மா குந்திக்கினு துன்றது?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் வீட்டில் அழுகை எதுவும் மத்தியானச் சோறு வரை நின்றதில்லை. இது வேறு மாதிரி இருந்தது. அவள் நிதானமாகத் தாழ்ப்பாள் போட்டதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தேன். ஊசி எங்கே இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தை எடுக்கவில்லை. நான் எண்ணவில்லை. அப்படியென்றால் அது சைக்கிள் கேரியரில் போய்க்கொண்டிருக்கிறது.

“அம்மா, நான் ராத்திரி எண்ணல.”

அம்மா விறகை முறித்துக்கொண்டிருந்தாள். “இன்னாது?”

“எண்ணாமத்தான் எழுதினேன். வெளக்கு வெச்சிட்ச்சே, அதான்.”

அடி விழும் என்று தோளை உயர்த்திக்கொண்டு நின்றேன். விழவில்லை. அம்மா என்னையும் மாடத்தில் இருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எழுதினதுகூட பொய்யா இருக்குமாடி?” என்று கேட்டாள்.

இப்போது ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளின் வருகையை எழுதுகிறவளாக இருக்கிறேன். தலையை எண்ணாமல் ஒரு நாளும் எழுதியதில்லை. மேலதிகாரிகள் பலமுறை எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அம்மா அன்று கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த கணம் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னால் நான், வழக்கமாக நானே சாரிடம் காட்டக் கொண்டுபோகும் நோட்டும் டப்பாவுமாக. எனக்குப் பின்னால், என்ன நடக்கிறதென்று கேட்காமலே, அத்தை. வரப்பில் குறுக்கே விழுந்து ஓடி நாங்கள் சாலைக்கு ஏறியபோது, நைனா புளியமரத்தடியில் சாக்குகளை இறக்கி வைத்து அவற்றின்மேல் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைத்திருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். பக்கத்தில் டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும்.

“மூட்டய அவுருய்யா! உள்ள கீது அது!” என்று அம்மா தூரத்திலிருந்தே கத்தினாள்.

“எதும்மா உள்ள கீது? பாம்பா?” என்று டீக்கடைக்காரர் பெஞ்சைவிட்டு எழுந்தார்.

அம்மா தான் தைத்த வாயைத் தானே பல்லால் கடித்துப் பிரித்தாள். அது லேசில் பிரியவில்லை. அந்தத் தையலின் உறுதியை நினைத்து அவள் வருத்தப்பட்டது அந்த ஒரு முறைதான் இருக்கும். இருபத்துநான்கு கரடிகளையும் ஒரு வேட்டியை விரித்து அதன்மேல் வரிசையாக உட்கார வைத்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

“இன்னா இது, கரடிங்களுக்குப் பந்தி போட்டுக்கீறீங்க?”

“எல போடு, சாம்பார் நான் எடுத்தாறேன்.”

“அந்த மூணாவது, எங்க மாமியார் பாக்கறாப்பலயே பாக்குதுப்பா.”

நான் அப்போது முன்னால் வந்தேன். செய்த தப்பைப் படிப்பாலேயே சரிபண்ணிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. அறிவியல் பாடத்தில் காந்தம் படித்திருந்தேன். “காந்தம் வெச்சா ஊசி எங்க கீதுன்னு இழுத்துக் காட்டிடும்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சைக்கிள் கடைக்காரர் பழைய ரேடியோவிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு வட்டக் காந்தத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கூட்டம் கழுத்தை நீட்டிற்று. முதல் கரடியின் தோளில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது!

“கெடச்சுட்ச்சி!” என்று கத்தினேன். அடுத்த தோளில் வைத்தேன். அங்கேயும் ஒட்டியது. இரண்டு தொடை, கழுத்து, எல்லா மூட்டிலும் ஒட்டியது; நடுவில் வைத்தாலும் பக்கத்து மூட்டுக்கே வழுக்கிப் போயிற்று. எல்லாக் கரடிக்கும் ஒட்டியது. மூட்டுக்கு மூட்டு இரும்புப் பின் இருப்பதை நான் மறந்துவிட்டேன்.

“இந்தப் பொண்ணு கணக்குல கரடிக்கு அஞ்சு ஊசி கீதுடா” என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. நான் காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நேத்து தச்சது எதுன்னே தெரியாம கலந்துபோச்சி. ஒவ்வொண்ணா முதுக பிரிக்கறதுதான் வழி” என்றாள் அம்மா. பஸ் வர இன்னும் இருபது நிமிஷம்கூட இல்லை. பிரித்தால் இருபத்துநான்கையும் மறுபடி தைக்க ஒரு நாள் ஆகும். சாருக்கு என்ன பதில் சொல்வது? வேலை அதோடு போயிற்று. அம்மா தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நைனா பீடியைக் காலால் தேய்த்தார்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அத்தை வந்து வேட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் கரடியை எடுத்தாள். இரண்டு கையாலும் சேர்த்து, மாரோடு வைத்து, மூச்சு முட்டுகிறாற்போல் இறுக்கினாள். முகத்தை அதன் தலையில் அழுத்தித் தேய்த்தாள். முதுகுப்பக்கம் திருப்பி மறுபடி இறுக்கினாள். தன் இடதுபக்கம் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

“இன்னாம்மே பண்ற?” என்றாள் அம்மா.

“கொழந்த எப்பிடி புடிக்கும் அண்ணி? இப்பிடித்தானே? அதுக்குக் குத்தறது எனக்கும் குத்தும்.”

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீக்கடைக்காரர் அவரை முறைத்தார். அத்தை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் பட்டும்படாமலும் அணைக்கவில்லை. கையின் நரம்பு புடைக்கிற அளவுக்கு இறுக்கினாள். ஐந்து. எட்டு. பதினொன்று. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இந்த முறை ஒன்றையும் விடாமல் எண்ணினேன்.

பதினான்காவதை இறுக்கியபோது அத்தை “ஸ்” என்றாள். சட்டென்று கரடியைத் தள்ளிப் பிடித்தாள். துணியில் பட்டுவிடக் கூடாதே என்றுதான். அவள் முழங்கைக்கு மேலே ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு வந்து, உருண்டு, வழிந்தது. அதைப் பார்த்து அத்தை சிரித்தாள். ரத்தத்தைப் பார்த்து ஒருவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்பாடா!” என்றது கூட்டம் மொத்தமும், ஏதோ அவர்கள் வீட்டு ஊசி கிடைத்ததுபோல. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “டீ போடுய்யா எல்லாருக்கும்!” என்றார், அப்புறம் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்த்து, “சின்ன கிளாஸ்லயே போடு” என்றார்.

அம்மா அந்தக் கரடியின் முதுகில் நாலு தையலைக் கடித்துப் பிரித்து, விரலை விட்டுத் துழாவி, ஊசியை வெளியே இழுத்தாள். ஊசியோடு ஒரு சாண் நூலும் வந்தது. பழுப்பு நூல். மூட்டை தைக்கும்போது ஊசியை மூட்டையிலேயே குத்தி நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் சுருக்கை இழுப்பது மில் பழக்கம். கரடியிலும் அம்மா அப்படிக் குத்தி நிறுத்தி, மேலே சுருளை இடித்தபோது அது உள்ளே போயிருக்கிறது. இதெல்லாம் வெகுநாள் கழித்து எனக்கு நானே யோசித்துக் கண்டுபிடித்தது. அன்று நூலின் நிறத்தை நன்றாகப் பார்த்தேன். அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை.

அம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நூலையே பார்த்தாள். அத்தையும் பார்த்தாள்.

“சுருளுக்குள்ள தானா பூந்துக்கீது அண்ணி. அதுக்கு இன்னா தெரியும்” என்றாள் அத்தை.

அம்மா அதே ஊசியால் அதே நூலை வைத்து நாலு தையலையும் போட்டு முதுகை மூடினாள். ஊசியை டப்பாவில் போட்டாள். நைனா வாங்கி வந்ததை எடுத்து அவர் சட்டைப் பையில் குத்திவிட்டாள். நான் டப்பாவை வாங்கி, பட்டப்பகல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். எட்டு.

தூரத்தில், வளைவில் பஸ் தெரிந்தது. “ஏத்துங்க, ஏத்துங்க” என்று நைனா சாக்கைப் பிரித்துப் பிடித்தார். கூட்டத்தில் நாலு பேர் கைகொடுக்க முன்வந்தார்கள்.

ஆனால் அத்தை பதினைந்தாவதை எடுத்திருந்தாள். அதையும் அதேபோல் மாரோடு சேர்த்து இறுக்கினாள். முகத்தை அதன் தலையில் வைத்தாள். இடதுபக்கம் உட்கார வைத்தாள். பதினாறாவதை எடுத்தாள்.

“அத்தை, போதும்! எட்டும் வந்துட்ச்சி. நான் எண்ணிட்டேன். வேற ஊசி கெடையாது” என்றேன்.

“இருக்கட்டும்மா. இதுங்களயும் ஒரு கொழந்த கட்டிப்புடிக்கும் இல்ல?” என்றாள் அத்தை.

“இருக்கவே முடியாது அத்தை. ஏழும் ஒண்ணும் எட்டு!”

அம்மா என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவேயில்லை. பஸ் வந்து புழுதியோடு நின்றது. சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்னம்மா இது, இன்னும் மூட்டையே கட்டலையா?” என்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பஸ்காரர்களைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிற அம்மா, இன்னொரு கையை உயர்த்தி, “கொஞ்சம் இருங்க. எங்க வூட்டுப் பொண்ணு பாத்துக்கினு கீறா. முடிச்சிட்டு ஏத்தறோம்” என்றாள்.

பதினேழு. பதினெட்டு. பஸ் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு சரியான பிறகும் இவர்கள் எல்லோரும் எதற்காக இப்படிக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.